பவுடர் வரைந்த பின்னல்

அறுபதுகளில், பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தெருக்காரர்கள் ஜன்னலுக்குத் திரை போட்டதே பவுடருக்குப் பயந்துதான். கொசுவுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

பவுடர் என்னோடு லாட்ஜ் அறையில் இருந்தவன். துணி மில்லில் புடவை பார்டர் வரைகிற வேலை. அறைக்கு வந்ததும் பேஸ்டல் என்கிற கலர் கட்டிகளை எடுத்துத் தாளில் தேய்க்க ஆரம்பித்துவிடுவான். தூள் படிந்து புருவம் ஊதா, காது ரோஸ். பெயர் அப்படி வந்ததுதான்.

சாமி படம், சினிமா நட்சத்திரம் எதுவும் போட மாட்டான். ரயிலில் புருஷன் தோளில் தூங்கி விழுகிற பெண், தங்கை கண்ணில் தூசி ஊதுகிற அக்கா, இந்த மாதிரிதான்.

"ஏண்டா லேட்டு?" என்று கேட்டால், "தாதர் ஸ்டேஷன்ல ஒருத்தி ஆம்படையானுக்குக் காலர் மடிச்சு விட்டா. பார்த்துண்டே நின்னுட்டேன். வண்டி போயிடுத்து" என்பான், சூரிய கிரகணம் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

எதிர் வீட்டில் ஒரு ரயில்வே மாமா. அவரும் மாமியும் சண்டை போட்டால் மாஹிம் வரைக்கும் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் மாமி வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. மறுநாள் காலையில் பவுடர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். மங்கலான மழை வெளிச்சத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு, மாமா மாமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

பவுடர் மில்லுக்கு லீவு போட்டான். மத்தியானம் மழை விட்டது. சாயங்காலம் படமும் முடிந்தது. தள்ளி நின்று பார்ப்பதற்காக ஜன்னலில் சார்த்தினான். ஒரு காற்று. படம் மிதந்து போய் எதிர்ப் பூக்கடைக் கூடையில் இறங்கியது. பூ வாங்க நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

மாமா படத்தோடு மாடியேறி வந்தார்.

"யாரைக் கேட்டுய்யா வரைஞ்சீர்? ஆபீஸ்ல என்னை எவன் மதிப்பான்?"

பின்னாலேயே வந்த லாட்ஜ் மேனேஜர், "நாளைக்கே ரூமைக் காலி பண்ணும் ஓய்!" என்றார்.

பவுடர் பேந்தப் பேந்த விழித்தான். அதற்குள் மாமியே வந்துவிட்டாள், மாவுக்கட்டும் கோணல் பின்னலுமாக. இடது கையால் படத்தை வாங்கினாள்.

"கோணல்னு சொன்னேனோல்லியோ? இல்லவே இல்லைன்னேளே!"

படத்தையே வெகு நேரம் பார்த்தாள்.

"பின்னாடி நின்னுண்டு பின்னினேள். உங்க மூஞ்சி அப்போ இப்படி இருந்ததுன்னு நேக்குத் தெரியவே தெரியாதே" என்றாள், மெதுவாக.

மாமா சுவரைப் பார்த்தார். மேனேஜருக்குத் திடீரென்று கீழே வேலை இருந்தது.

"அந்தப் பிள்ளையை யாரும் காலி பண்ணச் சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டு, மாமி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். புடவையெல்லாம் கலர்.

மறுநாள் காலை மாமா அடை கொண்டுவந்தார். "அவள் சொல்லிச் சொல்லி நான்தான் வார்த்தேன். கருகியிருந்தா சொல்லப்படாது" என்று வைத்துவிட்டு ஓடினார். கருகித்தான் இருந்தது. பவுடர் சாப்பிடவில்லை, மாமா போன வழியையே பார்த்துக்கொண்டு கலர் கட்டியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

எனக்கோ அகோரப் பசி. என் பங்கைத் தின்றேன். அவன் பங்கு ஆறிவிடுமே என்று, தட்டைப் போட்டு மூடி வைத்தேன்.