இரண்டு மெகாபிக்சல் நேர்த்திக்கடன்

முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் புதுக் கேமரா வாங்கியே தீருவது. 2008 மாசி மாதம், மாத்தளையில், என் சொந்த வீட்டு ஹாலில் நின்று நான் எடுத்த முடிவு இது. மனைவி தவமணிதேவி அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே எடுத்தேன்.

பழைய கேமரா எங்களுக்குக் கல்யாணமான வருசம் வாங்கியது. இரண்டு மெகாபிக்சல். பேட்டரி நாலு தின்னும். ஒரு படம் எடுத்துவிட்டு, பிளேன்டீ குடித்து முடித்து, அடுத்த படம் எடுக்கலாம். அப்போது சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. புதுப் பெண்டாட்டியோடு பஸ் ஏறி நல்லூர்வரை போய், வழியெல்லாம் படம் எடுத்துத் தள்ளினேன். எல்லாப் படத்திலும் தவமணியின் பாதி முகம்தான் விழுந்தது. அந்தப் பாதி முகங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆறு வருசத்தில் பாதையும் மூடிவிட்டது, கேமராவின் பின்பக்கத் திரையும் இருண்டுவிட்டது. துவாரத்தில் கண்ணை வைத்துப் படம் எடுக்கலாம். எடுத்ததைப் பார்க்க ஸ்டூடியோவுக்குத்தான் நடக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து, கந்தோரில் பக்கத்து மேசை சிவசுப்பிரமணியம் பத்து மெகாபிக்சல் வாங்கிவிட்டான்.

"பத்து மெகாபிக்சல்னா என்னங்க?" என்று கேட்டாள் தவமணி.

"எல்லாம் ரொம்பத் தெளிவாத் தெரியும்."

"உங்க மூக்குமா?"

"என் மூக்குக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறுங்களேன். அடுத்த வருசம் இதைவிட நல்லது வரும், விலையும் குறையும்."

"போன வருசமும் இதையேதான் சொன்ன. இப்படிப் பொறுத்துக்கிட்டே இருந்தா, பல்லு விழுந்தப்புறம்தான் நாம படம் எடுக்கணும்."

"அப்ப ரெண்டு மெகாபிக்சலே போதும்ங்க. பல்லு இல்லாதது தெரியாது."

இவளிடம் நியாயம் பேசி ஜெயிக்க முடியாது. எனவே பொய் பேசத் தீர்மானித்தேன்.

அடுத்த வாரம் விவசாயத் திணைக்கள வேலையாக நாவுலவுக்குப் போனேன். வழக்கம்போல் கேமரா உறை என் பைக்குள் இருந்தது. அன்று முழுக்க மழை, உறையைத் திறக்கவேயில்லை. திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஆமிக்காரப் பையன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், "யன்ன" என்றான். போகலாம் என்று அர்த்தம். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டில் வந்து நான் சொன்னது வேறு.

"ரெண்டு மணித்தியாலம் நிக்க வச்சிட்டான், தவமணி! கேமராவில என்ன படம் இருக்கு, காட்டுன்னான். திரை இருட்டு. எதைக் காட்டுறது?"

"ஐயோ அம்மாளே! நம்ம கேமராவையா?"

"பின்ன யார் கேமராவை?"

"அவன் கையில வாங்கிப் பார்த்தானா?"

"புரட்டிப் புரட்டிப் பார்த்தான்!"

தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மஸூதாவையும் கூப்பிட்டாள். ஆள் கூடியதும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. ஒரு ஆமிக்காரன் நாலு பேரானான். இரண்டு மணித்தியாலம் மூன்றரையானது.

"யா அல்லாஹ்! அடிச்சானுங்களா அண்ணன்?" என்றாள் மஸூதா. அவளும் வாயைப் பொத்தினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"திரை வேலை செய்ற கேமரா இருந்தா இந்தத் தொல்லை வருமா?" என்று முடித்தேன்.

"வராதுங்க. புதுசு வாங்குவோம்," என்றாள் தவமணி.

எனக்குக் காது குளிர்ந்தது. அவள் நேரே சாமியறைக்குப் போய்க் கண்ணை மூடி நின்றுவிட்டு வந்தாள்.

"முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வச்சிட்டேன். தேருக்கு நீங்க மொட்டை போடுறீங்க."

"நானா? எதுக்கு?"

"மூன்றரை மணித்தியாலம் துவக்குக்கு முன்னால நின்னுட்டு முழுசா வந்திருக்கீங்களே!"

அப்போது எனக்கு முடி இருந்தது. அதுவும் அலை அலையாக இருந்தது. ஆனால் பொய் என்று ஒத்துக்கொண்டால் கேமரா போய்விடும். முடி வளரும், கேமரா வளருமா? கேமராவுக்கு முடிவெடுக்கப் போன எனக்கு முடியை எடுத்துவிட்டார்கள்.

தேரன்று மொட்டைத் தலையோடு, வெறுங்காலோடு நடந்தேன். சிவசுப்பிரமணியம் குறுக்கே வந்து, "தர்மராஜா, இங்க பாரு!" என்று என் மண்டையைப் பத்து மெகாபிக்சலில் பதிவு செய்தான். வெயில் கொளுத்தியது. தவமணி தன் சேலைத் தலைப்பை என் மொட்டைமேல் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பயம் இல்லாத நாள் குறைவு. ஆனாலும் அந்தத் தலைப்பின் நிழலுக்காக இன்னொரு மொட்டைகூடப் போடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும், "சரி, நாளைக்குக் கடைக்குப் போவமா?" என்றேன்.

"போவோம். அதுக்கு முன்னால இதைப் பாருங்க. ஸ்டூடியோவில கழுவி எடுத்தேன்."

படத்தில் மஸூதாவின் கைக்குழந்தை. குழந்தைக்கு நாற்பதாம் நாளாம். சுற்றிலும் மஸூதா வீட்டு ஆட்கள். சிரித்த முகங்கள்.

"நல்லாருக்கே! யார் எடுத்தது?"

"நான்தான். உறைக்குள்ள சார்ஜரை வச்சிட்டு, கேமராவை எடுத்துக்கிட்டுப் போனேன். நீங்க நாவுலவுக்குப் போன அன்னிக்கு."

என் மொட்டையில் வேர்த்தது.

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! அம்மனுக்கு ஏன் பொய் நேர்த்தி வச்ச?"

"நான் ஏங்க பொய் நேர்த்தி வைக்கிறேன்? இந்த மனுசனுக்கு நல்ல புத்தியைக் குடு, மொட்டை போட வைக்கிறேன்னு வேண்டினேன்." அவள் சிரிப்பு கொஞ்சம் நின்றது. "பின்தெருவில ஒரு புள்ளைய ஆமிக்காரன் நெசமாவே கூட்டிட்டுப் போயி இன்னும் விடல. அதுல விளையாடாதீங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இது அன்னிக்கு எடுத்த படம்னு எப்படி நிச்சயமாச் சொல்ற?" என்று கேட்டுவைத்தேன்.

தவமணி படத்தின் மூலையில் சிவப்பாக விழுந்திருந்த எண்களைத் தொட்டுக் காட்டினாள்.

"பழைய கேமராதாங்க. ஆனா தேதியை மட்டும் இன்னும் பொய் சொல்லாமக் காட்டுது."