தேத்தண்ணி விடயமாக மருமகனுக்கு

சரவணை கிழக்கு,
வேலணை.
ஆவணி 3

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் தயாபரன் அவர்களுக்கு,

மாமா தம்பிராசா எழுதிக்கொள்வது. நீங்களும் மகள் பிரியதர்சினியும் அந்தப் பாலைவன வெய்யிலுக்குள்ளும் வாடாமல் இருக்கப் பிள்ளையார் துணை நிற்பார். நான் இங்கே, முழங்கால் நீங்கலாக, நல்ல சுகம். இந்தக் கடிதத்தை, ஊருக்குக் குடிதண்ணி கொண்டுவாற பவுசர் லொறி ஓடுகிற பஸ்ரியாம்பிள்ளையின் மகன் அன்ரனிதாஸிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் லீவு முடிந்து உங்கள் பட்டணத்துக்குத்தான் திரும்புகிறான். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறக்க முன்னமே பிள்ளை "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு அழத் தொடங்கிவிடுகிறாள். பேந்து நான் என்னத்தைக் கதைக்கிறது.

போன கிழமை நீங்கள், "மாமா, மாமியும் இல்லை, தனிய இருந்து என்ன செய்யப்போறியள், இஞ்ச வந்து எங்களோடையே இருங்கோ" என்று கேட்டீர்கள். அந்தத் தேத்தண்ணி விடயம் நடந்த பிறகும் கேட்டீர்களே, அது உங்கள் பெருந்தன்மை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வர ஏலாது. முப்பத்தொரு வருஷம் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன் நான், காரணம் எழுதாமல் எந்த விண்ணப்பத்தையும் தள்ளுபடி செய்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மாசியில் நான் வந்து இறங்கியபோது சூட்கேசுக்குள் ஐந்து லீற்றர் கானில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். "மாமா, இஞ்சையும் தண்ணி இருக்கு" என்று நீங்கள் சிரித்தீர்கள். பிள்ளை ஒரு கிளாஸ் குடித்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதாள். எனக்கும் வந்தது, விக்கல் என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் கொழும்பில் பைப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், உங்களுக்கு இது விளங்காது. எங்கள் தீவில் பத்துக் கிணறு உவர் என்றால் பதினோராவதுதான் நல்ல தண்ணி. ஆகவே எந்தத் தண்ணீரைக் கண்டாலும் விரலால் தொட்டு நாக்கில் வைக்காமல் எங்களால் அப்பால் போக ஏலாது. எனக்குப் பெண் பார்க்க வந்தபோது என்ர ஐயா முதலில் இந்தக் கிணற்றடிக்குத்தான் போனவர். வாய் கொப்பளித்து, ஒரு மிடறு குடித்து, "சம்பந்தம் சரி" என்று சொல்லிவிட்டார். உங்கள் மாமி இராசேஸ்வரியின் முகத்தைப் பிறகுதான் பார்த்தவர்.

இப்படிப்பட்டவனைத்தான் நீங்கள் ஒவ்வொரு லீவு நாளும் "வாங்கோ மாமா, இயற்கை பார்ப்பம்" என்று ஜீப்பில் ஏற்றினீர்கள். முதல் கிழமை மணல்மேடு. எங்கள் தீவில், மண்கும்பானில் மணல் அள்ளினால் பொலிஸ் பிடிக்கும், அங்கே ரிக்கற் எடுத்து மணலில் புரளுகிறார்கள். மேட்டில் ஏறி விழுந்து ஏறி விழுந்து ஜீப் ஓடிய ஓட்டத்தில் விடியச் சாப்பிட்ட புட்டு முழுவதும் உங்கள் சீற்றுக்கு வந்தது, அதற்கு ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டாயிற்று. இறங்கி இருந்தபோது எனக்கு ஒரு யோசனை. மண்கும்பான் மணலில் ஒரு முழம் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறும். மணல் என்றால் மணல்தானே என்று சாப்பாட்டுக் கோப்பையால் தோண்டத் தொடங்கினனான். கிழவன் எதையோ தொலைத்துவிட்டான் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை வந்து உதவிக்குத் தோண்டினா. அவவைப் பார்த்து ஒரு சீனர் குடும்பம். இடுப்பளவு கிடங்காகிவிட்டது. காவலாளி வந்து என்ன தொலைந்தது என்று கேட்க, நான் "வாட்டர்" என்றேன். அவர் இரக்கப்பட்டு ஒரு போத்தல் தண்ணீர் தந்தார். தோண்டின சனம் எல்லாம் கை தட்டினது. நீங்கள் ஜீப்புக்குப் பின்னால் போய் மறைந்து நின்றதை நான் கண்டனான்.

இரண்டாவது கிழமை மலைப் பள்ளத்தாக்கு, இயற்கை அருவி என்றீர்கள். இரண்டரை மணித்தியாலம் ஓடிப் போனால் மலை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, அருவி இல்லை. போன மாதம் வந்ததாம். ஒரு பாறைக்கு நடுவில் எங்கள் குசினி அளவில் ஒரு குட்டை, அதைச் சுற்றி நூறு சனம் கதிரை போட்டு இறைச்சி வாட்டிக்கொண்டு இருக்கிறது. உங்களைக் கேட்டால், "அமைதியான இடம், மாமா" என்கிறீர்கள். குட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதில் கோழிக் குழம்பு வாசம் இருந்தது. கெட்ட குடியே கெடும், பட்ட காலிலே படும் என்பார்கள். அங்கேதான் வழுக்கி முழங்காலும் போனது.

மூன்றாவதுதான் அந்தக் கண்டறியாத குளம். பாலைவனத்துக்கு நடுவில் நீலமாக, தாராவும் நாரையும் நீந்திக்கொண்டு. உண்மையைச் சொல்ல வேண்டும் தம்பி, அதைக் கண்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தொட்டு நாக்கில் வைத்தேன். உவர் இல்லை, துவர்ப்பு இல்லை, எங்கள் கிணற்றுக்கு ஒரு படிதான் குறைவு. அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில் நின்று படமும் பிடித்து, நீங்கள் காணாமல் இரண்டு போத்தல் நிரப்பிச் சால்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். வீட்டுப் பைப்புத் தண்ணியில் தேத்தண்ணி சப்பென்று இருக்கிறது என்று எனக்கு ஒரே மனக்குறை. அடுத்த நாள் உங்கள் மேலதிகாரியும் மனுசியும் வீட்டுக்கு வர, நானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். மனுசன் இரண்டு கோப்பை குடித்தார். மனுசி, என்ன தேயிலை என்று கேட்டா. நான் பெருமை தாங்காமல், தேயிலையில் ஒன்றுமில்லை, தண்ணியில்தான் இருக்கிறது என்று சொல்லிக் குளத்தில் எடுத்த படத்தையும் காட்டினேன். அவ அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பலகையில் இருந்த கீழ் வரியைச் சத்தமாக வாசித்தா. பட்டணத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து நிரப்பிய குளம், குடிக்கத் தடை. அவர் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். நான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை, அதுதான் பிழை.

ஒருவருக்கும் வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நீங்கள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். நீங்கள் கோப்பைகளைக் கழுவினீர்கள், மறுபடியும் கழுவினீர்கள். அதைப் பார்க்க வெட்கம் பொறுக்க ஏலாமல்தான் பத்து நாள் முந்தியே ரிக்கற்றை மாற்றிக்கொண்டு வந்தனான். முழங்கால் நோ என்று பிள்ளைக்குச் சொன்னது பொய்.

இவ்வளவும் எழுதியது, நான் உங்கள் பட்டணத்துக்குச் சரிவரமாட்டேன் என்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீடு இரண்டும் பூட்டிக் கிடப்பதால் சத்தம் இல்லை. மாடு இரண்டு மாதமாக வடிவாகத் தண்ணீர் குடிக்கிறதில்லை, அது மாட்டின் வருத்தம். கிணற்று மோட்டர் கொஞ்சம் பழுது. மற்றும்படி கிணறு இருக்கிறது. ஒழுங்கை முழுக்கச் சனம் கானோடு பவுசருக்குக் காத்து நிற்க, எங்கள் படலையில் மட்டும் அது நிற்காமல் போகும். உங்கள் மாமி செத்துப்போன பிறகும் அந்த மரியாதை எங்களுக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்து கழிவுநீர்க் குளத்தைச் சுற்றி நடக்க என்னால் ஏலாது. மனம் நோக வேண்டாம்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உங்கள் மேலதிகாரிக்கும் அவர் மனுசிக்கும் என் வணக்கத்தை, அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று தோன்றினால் மட்டும் சொல்லவும். நீங்கள் நீண்ட ஆயுளோடும், பழுதுபடாத ஜீப்போடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
க. தம்பிராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, பஸ்ரியாம்பிள்ளை படலையில் வந்து ஹோர்ன் அடிக்கிறார். கடிதம் வாங்க வந்தார் என்று நினைக்க வேண்டாம் தம்பி. ஆனி மாதம் தொட்டு, செவ்வாயும் வெள்ளியும் எங்கட படலையிலும் பவுசர் நிக்குது. கிணறு உவராகிப் போச்சு. முதலில் மாடுதான் வாளித் தண்ணியில இருந்து வாயை எடுத்தது. மாட்டுக்கு வருத்தமாக்கும் என்று மிருக வைத்தியரைக் கூப்பிட்டனான். அவர் மாட்டைப் பார்த்தார், பேந்து வாளித் தண்ணியில் விரலை வைத்து நாக்கில் வைத்தார். "ஐயா, மாட்டுக்கு ஒண்டுமில்லை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிட்டார். எங்கட கிணத்தடிக்குக் கானோட வாற சனத்துக்கு மோட்டர் பழுது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன், மோட்டர் நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் ஒவ்வொரு விடியலும் ஒரு வாளி அள்ளி நாக்கில வைச்சுப் பார்க்கிறன், ஒருவேளை திரும்பியிருக்குமோ எண்டு. பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், அது தாயின்ர சீதனக் கிணறு. மாட்டைப் பஸ்ரியாம்பிள்ளை கேட்கிறார், குடுக்கலாம். அந்தக் குளத்துத் தண்ணி மெய்யாவே நல்ல தண்ணி தம்பி. ஐப்பசிக்கு ரிக்கற் போட ஏலுமெண்டால் போடுங்கோ. இந்த முறை கான் கொண்டுவரமாட்டன்.