சாய்மனைக் கதிரையில் மாமி

சீமையில் ஜோர்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருஷம் அது. அதே வருஷம், மாமியாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த சனமெல்லாம் வண்டில் ஏறிப் போன பின்னேரம், உடுவில் அருளம்பலமும் தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டார். இனி இந்த வீட்டுக்கு ஆம்பிளை நான்!

வீட்டில் வேறு ஆம்பிளை கிடையாது. இருந்தாலும் மாமி கதிராசிப்பிள்ளை உயிரோடிருந்தவரை அந்த உத்தியோகம் ஒருநாளும் வெற்றிடமாக இருந்ததில்லை. வீடு, மாமி தன் மகள் மீனாம்பிகைக்குக் கொடுத்த சீதனம். வளவும் சீதனம், கிணறும் சீதனம், கட்டி நின்ற மாடும் சீதனம். அருளம்பலம் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும் ஒரு மீசையும். பெட்டி கறள் பிடித்துவிட்டது. மீசை மட்டும் மிச்சம்.

முடிசூட்டினால் ஏதாவது செய்துகாட்ட வேண்டுமே. அவர் புறா வளர்க்கத் தீர்மானித்தார். பத்து வருஷத்துக்கு முன்பும் ஒருமுறை அந்த ஆசையை மாமியிடம் சொல்லியிருந்தார். "இந்த வளவுக்குள்ளை சும்மா திண்டுகொண்டு திரிய ஒராளே காணும்" என்று பதில் வந்தது. அந்த ஒராள் யார் என்று அவர் விசாரிக்கவில்லை.

குருநகரில் லியோன் என்றொரு சிநேகிதர். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் புறாவோடு கிடக்கிற மனுசன். அவரிடம் பேசி, ஒரு கூடை புறாவை மடியில் வைத்துக்கொண்டு அருளம்பலம் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நடக்கும் வெள்ளைச் சேவற்புறாவுக்கு முதலியார் என்று பெயர் வைத்தார். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால்தான் அது தின்னும். மண்ணிற இரட்டையருக்கு, கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசிமார் என்று பெயர். ஒரே ஈர்க்குக்காகப் பகல் முழுக்க வழக்காடுவார்கள். பொழுதுபட்டால் செட்டைக்குள் செட்டை வைத்து நித்திரை. விசிறிவால் பெட்டை ஒன்று தண்ணீர்ச் சட்டியில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே தாகத்தில் காய்ந்தது.

கடைசியாக ஒரு சாம்பல் புறா. அதை லியோன் சும்மா கொடுத்திருந்தார்.

"ஏன் லியோன் சும்மா?"

"அது ஒரு மாதிரி அண்ணை. மற்றதுகள் குறுகுறுக்கும். இது குறுகுறுவெண்டு பார்க்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அது சத்தம் போடாது. மற்றப் புறாக்களோடு சேராது. தலையைச் சரித்து, ஒற்றைச் செம்மஞ்சள் கண்ணால் ஆளைப் பார்க்கும். பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் முதலில் கண்ணை எடுக்கும்வரை.

ஒரு கிழமை நன்றாகப் போனது. பிறகு மீனாம்பிகை பாயில் காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியலில் முதலியார் நடந்து திரிந்தார். நடந்ததோடு நிற்கவில்லை.

"இஞ்சேருங்கோ! இதைப் பாத்தியளே? இதை இனி மனுசர் தின்னலாமே?"

"கழுவினால் போச்சு."

"உங்கடை மூளையையும் ஒருக்காக் கழுவுங்கோ. வாற வெள்ளிக்கிழமைக்கு முன்னம் இதுகள் வளவிலை இருக்கக்கூடாது. தம்பிஐயா அண்ணைக்கு வாதமாம். புறாக்கறி நல்லதாம்."

தம்பிஐயா பக்கத்து வளவுக்காரர். அவருடைய தலை அந்த நேரமே கிடுகு வேலிக்கு மேலால் எழும்பியது.

"அருளம்பலம், அந்த வெள்ளைச் சேவல் நல்ல நிணம் போலை கிடக்கு."

முதலியாரைக் கறிச்சட்டிக்குக் கொடுப்பதா? அன்று முழுக்க அருளம்பலம் சுருட்டைப் பற்றவைத்து யோசித்தார். யோசித்து யோசித்துக் கடைசியில் அவர் கண் மண்டபத்து மூலையில் போய் நின்றது.

அங்கே மாமியின் சாய்மனைக் கதிரை கிடந்தது. மாமி போன பிறகு அதில் யாரும் இருப்பதில்லை. அருளம்பலம் ஒருமுறை இருந்து பார்த்தார். "எழும்புங்கோ" என்று மீனாம்பிகையின் ஒரு சொல் வந்தது. எழும்பிவிட்டார்.

அடுத்த நாள் மீனாம்பிகை கிணற்றடிக்குப் போன நேரம், அவர் கதிரையின் பிரம்பு இடுக்கில் கொஞ்சம் பயறு செருகினார். சாம்பல் புறாவைப் பிடித்து வந்து காட்டினார். ஊமைப் புறாவுக்குக் கண் நல்ல கூர்மை. சில நாளிலேயே உச்சிப்பொழுதானால் அது தானே படி ஏறி, மண்டபத்தைக் கடந்து, கதிரையில் ஏறி அமர்ந்துகொள்ளப் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. உச்சிப்பொழுது. காற்று இல்லை, பனையோலை மட்டும் எங்கோ தானாக உரசியது. புறா வந்தது. ஏறியது. இருந்தது.

"மீனாம்பிகை! ஓடிவாரும்! இஞ்சை பாரும், ஆர் வந்திருக்கினமெண்டு!"

"ஆரப்பா?"

"அந்தக் கதிரை. அந்த இருப்பு. அந்தப் பார்வை. உமக்குத் தெரியேல்லையே? உம்மடை அம்மா கூடு விட்டுக் கூடு பாய்ஞ்சிருக்கிறா!" அருளம்பலத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அவருக்கே ஆச்சரியம்.

மீனாம்பிகை நின்ற இடத்தில் விறைத்தாள். அடுத்த கணம் கதிரைக்கு முன்னால் குப்புற விழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். முதுகு குலுங்கிக் குலுங்கி அடங்கியது.

அருளம்பலம் மாட்டுக்கொட்டிலுக்கு ஓடிப்போய், மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புறாக்கள் தப்பின. வேலிக்கு மேலால் தம்பிஐயா கேட்டார்: "என்ன, இண்டைக்கு வெட்டேல்லையோ?"

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ. அதிலை ஒண்டு எங்கடை மாமி."

"கதிராசியக்காவோ!" தம்பிஐயாவின் தலை வேலிக்குக் கீழே போனது. மறுநாள் விடியப் பார்த்தால், வருஷா வருஷம் இந்தப் பக்கம் நகர்ந்து வந்த எல்லைவேலி ஒரு முழம் அந்தப் பக்கம் பின்வாங்கியிருந்தது.

அதுவரை எல்லாம் வெற்றி. அதற்குப் பிறகுதான் வீட்டின் நிலைமை மாறத் தொடங்கியது.

"அம்மாவுக்கு முன்னாலை சுருட்டோ? வேலிக்கு அங்காலை போங்கோ."

"அம்மாவுக்கு முதல் நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையிலை கை வைக்கிறதோ?"

"அம்மா இருக்கேக்கை நீங்கள் காலை நீட்டிக்கொண்டு படுக்கிறதோ?"

மாமி உயிரோடிருந்த காலத்தில் கோயிலுக்காவது போவாள். இந்த மாமி எங்கும் போகவில்லை.

ஒரு விடியற்காலை அருளம்பலம் படுத்திருந்த அறை யன்னலில் டொக், டொக் என்று கேட்டது. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க எழுப்புவதற்கு மாமி ஊன்றுதடியால் தட்டும் அதே தட்டு. யன்னல் கதவைத் திறந்தார். படியில் சாம்பல் புறா. ஒற்றைக் கண். அவர் தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் இறைத்தார்.

அதற்கடுத்து, கூரை வளையில் ஒளித்து வைத்த சுருட்டுகள் துண்டு துண்டாகச் சாய்மனைக் கதிரையின் கீழே கிடந்தன.

இதையெல்லாம் அவர் பழக்கவில்லை. அவர் பழக்கியது பயறு தின்ன மட்டும். பயத்தில் பயறு வைப்பதை நிறுத்தினார். புறா வருவதை நிறுத்தவில்லை. கதிரையில் வைத்தது பயறு, முளைத்தது பயம்.

ஒருநாள் மத்தியானம் மீனாம்பிகை கோயிலடிக்குப் போயிருந்தாள். அருளம்பலம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமான் அறைக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு மண்டபத்துச் சுவரோடு சாய்ந்து இருந்தார். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. வளவில் ஒரு காகமும் இல்லை. பிறக்கிராசிமார்கூட வழக்கை ஒத்திவைத்திருந்தார்கள்.

சர்… சர்…

சீமெந்து நிலத்தில் எதுவோ இழுபடும் சத்தம். கடைசிக் காலத்தில் மாமிக்கு இடதுகால் வாதம். ஊன்றுதடியை ஊன்றி, அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் மண்டபத்தைக் கடப்பாள். அருளம்பலத்துக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

சர்… சர்…

சாம்பல் புறா அவரைக் கடந்து போனது. இடதுகால் மடங்கி, நகம் நிலத்தில் உரச, இழுத்து இழுத்து நடந்தது. கதிரை இருந்த இடத்துக்குப் போய் வெறும் நிலத்தைப் பார்த்தது. பிறகு தலையைச் சரித்து அவரைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, நேரே சாமான் அறைக் கதவடிக்குப் போய் நின்றது.

மாமி முழங்காலுக்குப் பூசும் வேப்பெண்ணெய் மணம் எங்கிருந்தோ வந்தது.

அருளம்பலம் எழும்பினார். பூட்டைத் திறந்தார். கதிரையைத் தானே தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தார். சால்வையால் தூசி தட்டியும் விட்டார்.

மறுநாள் காலமை, தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, எல்லாப் புறாக்களையும் கூடைக்குள் அடைத்துக்கொண்டு குருநகருக்குப் பஸ் ஏறினார். முதலியாரை மட்டும் விட்டுவைக்கத்தான் மனம் கிடந்து அடித்தது. ஆனால் ஒரு புறா நின்றாலும் மாமி துணைக்கு வந்துவிடுவாள் என்று பயம்.

லியோன் கதையைக் கேட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். "அண்ணை, மற்றதுகளைத் தாங்கோ. சாம்பலை நான் எடுக்கமாட்டன். எனக்கும் ஒரு மாமி இருக்கிறா. உயிரோடை. இந்தச் சின்ன வீட்டிலை ரெண்டு தாங்காது."

"லியோன், உன்னைக் கும்பிடுறன்!"

"சரி, சரி. கூட்டை அடைச்சு வைக்கிறன்."

கூடையின் மூடியைத் திறந்தார்கள். மற்றவை ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போயின. முதலியார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சாம்பல் புறா கூட்டுக்குள் போகவில்லை. லியோனின் கைக்குக் கீழால் நழுவிக் கூரை முகட்டில் ஏறி, அருளம்பலத்தை ஆறுதலாகப் பார்த்தது. பிறகு வடக்கே, உடுவில் பக்கமாகப் பறந்தது.

அவர் வீடு திரும்பும்போது மைமல் பொழுது. மண்டபத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. சாய்மனைக் கதிரையில் சாம்பல் புறா இருந்தது.

"எங்கை போட்டு வாறியள்?" என்றாள் மீனாம்பிகை. "அம்மா வந்து கனநேரம்."

அருளம்பலம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"மீனாம்பிகை, என்னாலை இனி ஏலாது. உது உம்மடை அம்மா இல்லை. நான்தான் பயறு வைச்சுப் பழக்கினனான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பயறு தெரியும். நான் கூட்டுற வீடெல்லோ இது? அம்மா மோட்சத்திலையிருந்து பயறு கொண்டுவந்தா எண்டே நினைப்பன்?"

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் கண்ணீர் விட்ட அண்டைக்கே. செத்தவீட்டிலை வராத கண்ணீர் புறாவைக் கண்டு வருமே?"

"நீர் விழுந்து கும்பிட்டீரே?"

"சிரிப்பு வந்திட்டுது. முகத்தை மறைக்க வேறை வழி தெரியேல்லை."

அருளம்பலத்தின் மீசை தொங்கியது. "அப்ப யன்னலிலை தட்டினது?"

"யன்னல் படியிலை குரக்கன் மணி தூவினது நான். நீங்களும் வேளைக்கு எழும்பிப் பழகிட்டியள்."

"சுருட்டு?"

"பிச்சுப் போட்டதும் நான். நல்ல காலம், மற்றப் புறாக்களை நீங்களே கொண்டுபோய் விட்டிட்டியள். நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். இந்தச் சாம்பல் நிக்கட்டும். இது சத்தம் போடாது. ஒடியலிலும் ஏறாது."

அவமானமாக இருந்தது. கூடவே நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கியது. எல்லாம் பெண்சாதியின் வேலை! பேயும் இல்லை, மாமியும் இல்லை. அருளம்பலம் சிரிக்கக்கூடத் தொடங்கினார். மீனாம்பிகையும் சிரித்தாள்.

"கெட்டிக்காரிதான் நீர். அதெல்லாம் சரி, அந்தக் கால் இழுக்கிறதை மட்டும் எப்பிடியப்பா பழக்கினீர்?"

"எந்தக் கால்?"

"இடதுகால். உம்மடை அம்மா மாதிரி இழுத்து இழுத்து நடக்குதே."

மீனாம்பிகையின் சிரிப்பு நின்றது. "அது நல்லாத்தானே நடக்குது."

இருவரும் கதிரையைப் பார்த்தார்கள். புறா கீழே குதித்தது.

சர்… சர்…

விளக்குச் சுவாலை ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. புறா அவர்கள் இருவருக்கும் நடுவால் போய், சமையல் நடக்கும் குசினியின் வாசலைத் தாண்டி உள்ளே மறைந்தது.

"நான் உதைப் பழக்கேல்லை" என்றாள் மீனாம்பிகை மிக மெதுவாக. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, அவளும் குசினிக்குள் போனாள்.

அருளம்பலம் தனியே நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சனம் இருக்கும் இடமாக எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. வாசல்வரை போனார். சொல்லாமல் படி இறங்கக் கால் வரவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பொதுவாக, இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

"மாமி… நான் ஒருக்காச் சந்திப் பக்கம் போட்டு வரட்டோ?"

பிறகு குசினிக்குள் இருந்து குரல் வந்தது. குரல் மீனாம்பிகையுடையதுதான். அதிலிருந்த அதிகாரம் மட்டும் கதிராசிப்பிள்ளையுடையது.

"போகட்டாம். வரேக்கை உப்பும் வாங்கிக்கொண்டு வரட்டாம்."