அடைத்த ஜன்னலும் என் பகல் தூக்கமும்

உயிரே போனாலும் அந்த ஜன்னலைத் திறக்க விடமாட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சில் அடித்துச் சபதம் செய்தேன். பேக்கரியிலிருந்து வந்த கை. சட்டையில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்தன.

இரவெல்லாம் ரொட்டி சுடுகிறவன் நான். ஊர் எழுந்து பல் விளக்கும்போது படுக்கப் போகிறவன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எங்கள் வீடு முந்நூற்று நாற்பது வருஷத்துக் கல் வீடு. இரண்டடிச் சுவர், 1684 என்று செதுக்கிய வாசல் நிலை, முழு ஆட்டையே வாட்டக்கூடிய கணப்படுப்பு. தலை குனியாமல் நுழைய ஒரு கதவு கிடையாது. கல்யாணமானவனுக்கு அது பெரிய சிரமமில்லை.

படுக்கையறையில் ஒரே ஜன்னல். அதையும், ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில் எவனோ ஒரு மகராசன் கல் வைத்து அடைத்துவிட்டான். தலைமாட்டில் சுவருக்குப் பதில் ஒரு மரத்தட்டி; அதற்கு அந்தப் பக்கம் தட்டுமுட்டு அறை. உச்சிவேளையிலும் கும்மிருட்டு. இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த இருட்டு ஒன்றுதான்.

“அந்த ஜன்னல உடைக்கப் போறேன். வர்ற திங்கட்கிழமை,” என்றாள் என் மனைவி பெவர்லி. மாடிப்படியில் சம்மட்டி ஒன்று சாத்தியிருந்தது.

“அடியே, அப்புறம் பகல்ல நான் எங்க தூங்குறது?”

“ரூம்ல காளான் முளைக்குதுங்க. அதுவே வெளிச்சம் வேணும்னு அழுவுது.”

“காளானுக்கு இருட்டுதான்டி புடிக்கும்.”

“அப்ப அது உங்க சொந்தக்காரங்கதான்.”

சம்மட்டியோடு வாதாட முடியாது. ஆனால் நான் படித்தவன். பள்ளிக்கூடத்தில் அல்ல, மாவு பொங்கக் காத்திருக்கும் நேரத்தில். பழைய கட்டடங்களைப் பற்றி நூலகத்தில் இருந்த பதினொரு புத்தகத்தையும் மாவுக் கறையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஒரு கல்லைப் பெயர்ப்பதானாலும் கவுன்சில் அனுமதி வேண்டும். எழுதினேன் கடிதம்: “ஐயா, சரித்திரம் சாகப் போகிறது. திங்கட்கிழமை சம்மட்டி இறங்குகிறது. ஓடி வாருங்கள்.”

வெள்ளிக்கிழமையே ஓடி வந்தார் பழங்கட்டட அதிகாரி மெட்கால்ஃப். வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு, “அடடா, அசல் நிலை!” என்று கல்லைத் தடவினார். நெற்றியைத் தடவவில்லை. மாடியில் அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“இதத் தொட்டீங்கன்னா வழக்குதாம்மா.”

இருபத்தாறு வருஷத்தில் எனக்கு முதல் வெற்றி.

“ஐயோ, அப்படிங்களா? தொடவே மாட்டேன் சார்,” என்றாள் பெவர்லி.

அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை.

“டீ குடிங்க சார். அப்படியே இந்தத் தட்டியையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்.”

மெட்கால்ஃப் தட்டிப் பார்த்தார். “இது வெறும் பலகை. நாப்பது வருஷம்கூட இருக்காது. நல்ல ரூம ரெண்டா வெட்டி வெச்சிருக்கான் பாவி! அந்தப் பக்கம் நடுவுல கல் தூண் வெச்சு மூணு கண்ணாப் பிரிச்ச ஜன்னல் இல்ல இருக்கு, தெற்கு பாத்து? தாராளமா எடுத்துடுங்க. உங்க மனுவுக்கு இன்னைக்கே அனுமதி போட்டுடறேன்.”

“மனுவா?” என்றேன்.

“தட்டிய எடுக்கணும்னு அம்மா போட்டது, எட்டு மாசமா என் மேசையில கெடக்கு சார். நேர்ல வந்து பாக்க ஆளில்ல. நீங்க மட்டும் அவசரம்னு கடுதாசி போடலைன்னா அடுத்த வருஷம்தான்.”

“பழசுன்னா இவருக்கு உசுரு சார்,” என்றாள் பெவர்லி, அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டே. “சம்மட்டிய நான் படியில வெச்சதுதான் தாமதம், பேனாவத் தேட ஆரம்பிச்சுட்டாரு.”

திங்கட்கிழமை தட்டி இறங்கியது. அதே சம்மட்டி. அடைத்த ஜன்னல் பத்திரமாக இருக்கிறது. எதிரே மூன்று கண்ணிலிருந்தும் வெயில் என் தலையணையில் கொட்டுகிறது.

இப்போது நான் தூங்குவது சமையலறைக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத குளிர் அறையில். அந்தக் காலத்தில் பன்றித் தொடைக்கு உப்புத் தடவிய கல்மேடையில், வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில்.

“பாத்துப் புரளுங்க,” என்று கதவைச் சாத்தினாள் பெவர்லி. “அந்தக் கல்லு பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. நீங்க இல்ல.”