மேடையில் விழுந்த சிறுநீரகம்

டாக்டர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. நோயாளிகளுக்குச் சொல்லும் புத்திமதியில் கால்வாசியைக் கூட நாங்கள் செய்வதில்லை. நன்றாகத் தூங்குங்கள் என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வோம். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று ஒருவரை மிரட்டி அனுப்பிவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து மிச்சம் வைத்த மெதுவடையை எடுப்போம். இதெல்லாம் நாலு சுவருக்குள் நடக்கிறவரை பிரச்சினை இல்லை. எனக்கு நடந்தது மேடையில், மைக் செட் வைத்து, ஊரே பார்க்க.

அப்போது நான் பிரம்மதேசம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது மரக்காணத்தில். கணவர் பிரபுவுக்குப் புதுச்சேரியில் பேங்க் வேலை. காலையில் அவர் தெற்கே பஸ் ஏறுவார், நான் மேற்கே ஸ்கூட்டியைக் கிளப்புவேன். மதியத்துக்குள் ஒரு கல்யாணக் கூட்டம் அளவு நோயாளிகளிடம் பேசி முடித்திருப்பேன். ஆனால், "இன்னிக்கு ஒரு கேஸ் வந்தது, எனக்கே ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல" என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. பிரபுவிடம் சொன்னால், "இன்ஷூரன்ஸ் இருக்குதா அவருக்கு?" என்று கேட்பார்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் டாக்டர் சம்பந்தம். மரக்காணத்தில் சொந்த கிளினிக் வைத்திருந்த பெரிய டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் கிளினிக் மொட்டை மாடியில் சுற்றுவட்டார டாக்டர்களைக் கூட்டுவார். முதலில் அந்த வாரம் குழப்பிய கேஸ்களைப் பேசுவோம். அடுத்து போண்டா. கடைசியில் அவர் பாடுவார். (போண்டா எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.) கோட்டக்குப்பத்திலிருந்து பல் டாக்டர் யூசுப் வருவார். பக்கத்து ஊர் கால்நடை மருத்துவமனையிலிருந்து மாணிக்கம் டாக்டர் வருவார். மாட்டு டாக்டருக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ முணுமுணுத்தபோது சம்பந்தம் சொன்னார்: "அவருகிட்ட வர்ற பேஷண்ட் ஒதைக்கும். நம்மகிட்ட வர்றது திட்டும். அவ்ளோதாம்பா வித்தியாசம்."

அந்த மாடியில் நான் அடிக்கடி புலம்பியது உப்பளத்துப் பெண்களைப் பற்றி. வெயில் ஏற ஏற என் புறநோயாளி வரிசையில் அவர்கள்தான் நிற்பார்கள். நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, சிறுநீரகக் கல். அதிலும் அஞ்சலை என்று ஒருவர். உப்புக் கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து இறுகிப்போன மனுஷி. நான் அவரிடம், "நல்லா தண்ணி குடிக்கணும், சரியா?" என்பேன். "சரிங்க டாக்டரம்மா" என்பார். அடுத்த மாதம் அதே கடுப்போடு வந்து அதே ஸ்டூலில் உட்காருவார். "தண்ணி குடிச்சீங்களா?" என்றால் சுவரைப் பார்ப்பார். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் குளிரோடு ஏறி, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி ஆகிவிட்டது. எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. உப்பளத்துக்குப் போகிற வழியெல்லாம் 'தண்ணீர் குடிப்பீர்' என்று போஸ்டர் ஒட்டினேன். மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு ஆடுகள் அத்தனையையும் தின்றுவிட்டன. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மாணிக்கம் டாக்டர் உறுதி செய்தார்.

"போஸ்டர் யாரும்மா படிக்கிறாங்க. நாடகம் போடுவோம்" என்றார் சம்பந்தம்.

சிகரெட் புகையிலிருந்து சின்னம்மை வரை எதைப் பற்றியும் பேசத் தயங்காத நாங்கள், இந்த யோசனைக்கு மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டோம். அதுவும் கொஞ்ச நேரம்தான். போண்டா தீர்வதற்குள் ஆளுக்கொரு வேஷம் பிடித்தாகிவிட்டது. சம்பந்தம் கதை சொல்லிப் பாடும் கட்டியங்காரன். யூசுப், வில்லன் சிறுநீரகக் கல். ராணியைக் காப்பாற்றும் கதாநாயகன் தண்ணீராக மாணிக்கம் டாக்டர். கதை வசனம் எழுதுகிறேன் என்று நானே போய் மாட்டிக்கொண்டதால் ராணி வேஷம், அதாவது சிறுநீரகம், என் தலையில் விழுந்தது.

உடுப்பு தைக்க டெய்லரிடம் போனேன். "கிட்னி எப்படிம்மா இருக்கும்?" என்றார் அவர். "முந்திரிக்கொட்டை மாதிரிங்க, ஆனா பெருசா." பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி, அதன் மேல் கருஞ்சிவப்பு வெல்வெட் போர்த்தி, கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே உறையாகச் செய்துகொடுத்தார். ஜிப் வைத்தால் வளைவு கெட்டுவிடுமாம். அதனால் என்னை உள்ளே நிறுத்தி முதுகுப் பக்கம் கோணி ஊசியால் தைத்துவிட வேண்டும். நாடகம் முடிந்ததும் தையலைப் பிரிக்கலாம். கண்ணாடியில் பார்த்தபோது கம்பீரமாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

நாடகம் நடந்த இடம் உப்பளத்தை ஒட்டிய திறந்த வெளி. நல்ல மே மாதம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பம் என்று சொல்லியிருந்ததால் மூன்று மணிக்கே என்னைத் தைத்துவிட்டார்கள். நான் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிற்பாடு ஊரே கேட்டது.

பெண்கள் வேலை முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிரபு பேங்குக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார். சிறப்பு விருந்தினரான உப்பள முதலாளியை மட்டும் காணோம். அவர் வந்து, சால்வை போட்டு, அவர் ரெண்டு வார்த்தை பேசி முடித்தபோது ஐந்தரை. உள்ளே ஸ்பாஞ்சு ஊறி, நான் சிறுநீரகமாக இருந்ததிலிருந்து மெல்ல இட்லிக் குண்டானாக மாறியிருந்தேன்.

நான் மேடை ஏறியதும் கூட்டம் சலசலத்தது. என் காதில் தெளிவாகவே விழுந்தது.

"இன்னாடி இது, எறாலா?"

"எறாலுக்கு மீசை இருக்கும்டி. இது ஏதோ பலாக்கொட்டை."

"நம்ம டாக்டரம்மாடி அது." இது அஞ்சலையின் குரல். "பாவம், இன்னாத்துக்கு அவங்கள இப்படிச் சுத்தி வச்சிருக்காங்க?"

சம்பந்தம் அறிமுகப் பாட்டை ஆரம்பித்தார். ஒத்திகையில் அது நாலு வரி. ஆனால் மொட்டை மாடியில் நாலு பேர் முன்னால் பாடிய மனிதருக்கு முதல்முறையாக மைக்கும் கூட்டமும் கிடைத்திருக்கிறது. உப்பளத்தின் பெருமை, கடலின் பெருமை, முதலாளியின் பெருமை என்று போய்க்கொண்டே இருந்தது. நான் ராணி போல நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். முதலில் காதுக்குள் ரீங்காரம். பிறகு தூரத்து உப்புக் குவியல்கள் எல்லாம் மெதுவாக நடக்க ஆரம்பித்தன. மருத்துவக் கல்லூரியில் படித்த அத்தனை அறிகுறிகளும் வரிசையாக வந்தன. 'ஓ, மயக்கம் வரப்போகிறது' என்று சரியாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துவிட்டு விழுந்தேன்.

அடுத்து நடந்தது எனக்கு வீடியோவில் பார்த்துத்தான் தெரியும்.

நான் ஸ்பாஞ்சோடு விழுந்து, ஒரு தடவை லேசாக எம்பி, அடங்கினேன். சம்பந்தம் பாட்டை நிறுத்தவில்லை. நான் சொந்தமாக ஒரு காட்சியைச் சேர்த்துவிட்டேன் என்று நினைத்து, ராகத்தை மாற்றி ஒப்பாரி பாட ஆரம்பித்தார். யூசுப் சாக்குப்பை உடுப்போடு பாய்ந்து வந்து என் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, "ராணி ஒழிந்தாள்" என்று சிரித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. மேடையில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் நீலப் பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது. "எழுந்திரு ராணி, நான் வந்துவிட்டேன்" என்றார் மாணிக்கம் டாக்டர். நான் எழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். வசனத்தைக் கைவிட்டார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்து, "யூசுப்பு, காலை எடு. இது நெஜம்யா" என்றார்.

(ஏன் ஈறைப் பார்த்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "பழக்க தோஷம் மேடம். நம்ம பேஷண்ட்டு வாயத் தொறந்து எதுவும் சொல்லாது, நாமதான் பாக்கணும்" என்றார்.)

அவர் தன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து உடுப்பை முதுகில் கிழித்துக் காற்று விட்டார். என் காலைத் தூக்கி டிரம்மின் மேல் வைத்தார். கூட்டத்திலிருந்து அஞ்சலை ஒரு சொம்பு மோரோடு மேடை ஏறி வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் திறந்தது. மேலே வானம், சுற்றிலும் வேஷம் போட்ட முகங்கள்.

"ஏம்மா, காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா இல்லியா?" என்றார் சம்பந்தம்.

"இல்ல சார்."

"ஏம்மா?"

"குடிச்சா பாத்ரூம் வரும் சார். இந்த டிரெஸ்ஸைத் தைச்சுட்டாங்க. தைக்காம இருந்தாலும் இங்க எங்க போறது? ஒரு செடி மறைவு கூட இல்ல. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு குடிக்காமலே இருந்துட்டேன்."

உடுப்பின் கழுத்தில் குத்தியிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. 'பாத்ரூம் வரும் சார்' என்று என் பரிதாபமான குரல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலும் புறப்பட்டு, உப்புப் பாத்திகளைத் தாண்டி, கடல் வரைக்கும் போய் வந்தது.

கூட்டத்தில் தலைகள் எல்லாம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அது பக்கத்துக்குப் பரவி, மொத்தப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் மயங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

மோர்ச் சொம்போடு நின்ற அஞ்சலை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "எங்களுக்கும் அதே கததாங்க டாக்டரம்மா. ஆம்பளைங்க வரப்பு ஓரமா திரும்பி நின்னுக்குறாங்க. நாங்க எங்க போறது? வூட்டுக்கு வந்துதான். அதுக்குத்தான் குடிக்கிறதில்ல."

"இத ஏங்க என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க தண்ணி குடிச்சியான்னுதானே கேட்டீங்க" என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அவரைப் பார்த்த அத்தனை தடவையும் ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் சம்பந்தம் கட்டியங்காரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடை ஓரத்துக்குப் போய்விட்டார். முன்வரிசையில் முதலாளி சால்வையோடு உட்கார்ந்திருந்தார். "ஐயா, எங்க ராணிக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தருவீங்களா?" என்று ராகமாகவே கேட்டார் சம்பந்தம். அத்தனை பெண்களும் முதலாளியின் பக்கம் திரும்பினார்கள். மனிதர் நெளிந்தார். பிரபுவின் போன் தன் முகத்துக்கு நேராக இருப்பதைப் பார்த்தார். "ஒண்ணு எதுக்குங்க, ரெண்டா கட்டிடலாம்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. நாடகத்தின் மிச்சப் பகுதியை யாரும் கேட்கவில்லை. யூசுப்புக்கு இன்றுவரை அந்த வருத்தம் உண்டு, அவர் சாகிற காட்சி நடக்கவே இல்லை.

சொன்ன வார்த்தையை முதலாளி லேசில் செய்துவிடவில்லை. மழை முடியட்டும் என்றார், மணல் வரட்டும் என்றார். பெண்கள் விடவில்லை. வாரக் கூலி வாங்கும்போதெல்லாம், "ராணி கேக்கச் சொன்னாங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த உப்பு சீசனுக்குள் தகரக் கூரை போட்டு, தண்ணீர்த் தொட்டியோடு இரண்டு கட்டடங்கள் எழும்பின. பக்கத்து உப்பளத்திலும் ஒன்று வந்தது. மற்ற இடங்களில் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அஞ்சலை இப்போது என்னிடம் வருவது பிரஷர் மாத்திரைக்கு மட்டும்.

வீடியோவை அன்றைக்கு வீட்டில் போட்டுப் பார்த்தோம். நான் விழுகிற இடத்தில் கேமரா கொஞ்சம் கூட ஆடவில்லை. பின்னணியில் என் அன்புக் கணவரின் குரல் பக்கத்து ஆளிடம் சொல்கிறது: "இந்த எடம் நல்லா பண்றா, இல்ல?" இதற்கு அவரிடம் இன்றுவரை சரியான விளக்கம் இல்லை.

ஆனால் பெரிய தண்டனையை எனக்குக் கொடுத்தவர்கள் உப்பளத்துப் பெண்கள்தான். கக்கூஸ் என்று ஆண்கள் எதிரில் சொல்லக் கூச்சப்பட்டு, அந்தக் கட்டடத்துக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அஞ்சலை எங்கடி?" என்றால், "டாக்டரம்மாவுக்குப் போயிருக்கா" என்று பதில் வரும். சம்பந்தம் இதைக் கேள்விப்பட்டு மொட்டை மாடியில் அறிவித்தார். பிரபு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பிறந்த என் மகள், பேச்சு வந்த நாளிலிருந்து, அவசரம் என்றால் "டாக்டரம்மா வருது" என்றுதான் சொல்கிறாள்.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். நான் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று மண்டப மைக்கில் பதற்றமான குரல்: "லேடி டாக்டர் யாராவது இருந்தா உடனே ஆபீஸ் ரூமுக்கு வரவும். ரொம்ப அவசரம்." சாம்பார்க் கையோடு ஓடினேன். எனக்குப் பின்னால் முறுக்குத் தட்டோடு இரண்டு அத்தைகள் ஓடி வந்தார்கள். ஆபீஸ் அறையில் மண்டப மேனேஜர் வியர்த்துப்போய் நின்றிருந்தார்.

"பேஷண்ட் எங்க?" என்றேன்.

அவர் கதவோரமாகக் கை காட்டினார். பட்டுப்பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள்.

"பாப்பா அழுதுக்கிட்டே வந்து, டாக்டரம்மா எங்க, டாக்டரம்மா எங்கன்னு கேட்டுதுங்க. என்ன பண்ணுதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது" என்றார் மேனேஜர்.

அவளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். ஒன்றும் புரியாமல் நின்ற அத்தைகளிடம் பிரபு நிதானமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணும் இல்ல அத்தை. டாக்டரம்மா, டாக்டரம்மாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."