டிரையரில் வைத்த டிரான்சிஸ்டர்

ஹட்டன் ரேடியோக் கடை காசிம் நானா, என் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனதற்கு நீங்கள்தான் காரணம்.

அறுபதுகளின் தொடக்கம். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. (நாங்கள் ஸ்டோரு என்போம்.) றொசல்லவிலிருந்து பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் பாட்டுப் பைத்தியம். அவரை மயக்க உங்களிடம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை இரவல் கேட்டேன்.

"வால்வு ரேடியோவ ரெண்டு பேர் தூக்கணும் தம்பி. இத சட்டப் பையில போடலாம். வால்வு செய்ற வேலைய உள்ளுக்க மொளகு மாதிரி ஒரு துண்டு செய்யுது" என்றீர்கள். அதோடு வாயை மூடிக்கொண்டீர்கள்.

மறுநாள் விடாத மழை. மனிதர் நேராக ஸ்டோருக்கே வந்துவிட்டார். ரேடியோவோ குளிரில் முனகியது.

எனக்குத் தெரிந்த ரேடியோ தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா வீட்டு வால்வுப் பெட்டிதான். அது சூடேறினால்தான் வாய் திறக்கும். ஸ்டோரில் எது நனைந்தாலும் தேயிலை காயவைக்கும் டிரையர்தான் எங்களுக்குக் கதி. (மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் சப்பாத்துகூட அங்கே காய்ந்திருக்கிறது.) அதன் வாயருகே ரேடியோவை வைத்தேன்.

"ஏன் தம்பி, ஒன்னும் ஆகாதுல்ல?"

"நீங்க சும்மா இருங்க மாமா. குளிர் விட்டா கத்தும் பாருங்க."

கத்தியது. கரகரத்தது. செத்தது. பிளாஸ்டிக் உருகிய நாற்றம் தேயிலையிலும் ஏறியது. (அதைக் குடித்த வெள்ளைக்காரனுக்கு என் அனுதாபம்.)

"ரேடியோவயே வறுத்தவன் எம்புள்ளய எப்புடி வச்சுக்குவான்?" என்று கேட்டுவிட்டு அவர் ரயிலேறப் போய்விட்டார்.

நீங்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, அப்போதுதான் பாடம் நடத்தினீர்கள். செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடுமாம். அந்த மிளகுத் துண்டுக்குள் இருக்கும் ஜெர்மானியம் என்ற பொருளுக்கோ குறையுமாம். அதனால் மின்சாரம் கண்டபடி பாய்ந்து, இன்னும் சூடாக்கி, கடைசியில் துண்டையே கொன்றுவிடுமாம்.

பெண் பிடிவாதமாக நின்றதால் அடுத்த வருஷமாவது கல்யாணம் நடந்தது. இன்றும் வீட்டில் கடிகாரம் நின்றால் பேரப்பிள்ளைகள் அலறுகிறார்கள்: "தாத்தாகிட்ட காட்டாதீங்க, அடுப்புல வச்சிருவாரு!" அவர்களைத் தூண்டிவிடுவதே என் மனைவிதான்.

நானா, இப்போது உங்கள் மகன் கடையைப் பார்க்கிறார். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெரு நிறைந்திருக்கும்போது, குடும்பத்தோடு வருகிறேன். அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: சூடு ஆகாது என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?