வால்வெள்ளிக்குக் கீழே நின்றவள்

"உது என்ன, கெழுத்தி மீன்ரை வாலோ?" என்று கேட்டாள் மேரி ரோஸ், மடிக்கணினித் திரைக்கு முன்னால் குனிந்து.

"வால்வெள்ளி," என்றார் ரொபின்சன்.

"வெள்ளியைக் காணேல்லையே. வாலும் பழுதாப் போன மாதிரிக் கிடக்கு."

ரொபின்சனுக்குச் சுருக்கென்றது. மேரி ரோஸிடம் வால்வெள்ளியைப் பற்றி வாய் திறந்து அவர் ஒருநாளும் வென்றதில்லை.

அந்த வால்வெள்ளியின் கதை தெரியாத ஆள் பேசாலையில் இல்லை. சண்டைக் காலத்தில் எல்லாரும் கடல் கடந்து மண்டபம் அகதி முகாமில் கிடந்தபோது, ரொபின்சனுக்கும் மேரி ரோஸுக்கும் கலியாணம் பேசியிருந்த நேரத்தில் நடந்தது. கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்க முதல் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாகப் போய்ச் சுவாமியாரிடம் மந்திரம் ஒப்புவிக்க வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் தடக்கினால் கலியாணமே தள்ளிப் போகும். "அந்தித் திருந்தாதி மணி அடிச்ச கையோடை ரெண்டு பேரும் வந்து நிக்க வேணும்" என்று சுவாமியார் சொல்லியிருந்தார். அந்திச் செபத்துக்கான அந்த மணி அடித்தது. மாப்பிள்ளையைக் காணவில்லை.

மாப்பிள்ளை கடற்கரையில் நின்றார். பாம்பனில் ஒரு ஸ்டூடியோவில் அவருக்கு எடுபிடி வேலை. அங்கே இரவல் வாங்கிய கமெராவைக் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் வைத்து, வடமேற்கு வானத்தில் தொங்கிய அந்த வால்நட்சத்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்து ஓடிப் போனபோது சுவாமியாரின் வாசலில் மேரி ரோஸ் மட்டும் முகத்தை வீங்க வைத்துக்கொண்டு நின்றாள். சுவாமியார் அவளுக்கு ஒரு கதிரையும் இவருக்கு நல்ல ஏச்சும் கொடுத்தார்.

அன்று தொடக்கம் கலியாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடினால் மேரி ரோஸ் தொடங்கிவிடுவாள். "வால்வெள்ளி பாக்கப் போனவராம். நான் சுவாமியாரின்ரை வாசல்லை கால் கடுக்க நிண்டு நுளம்புக்கு இரத்தம் குடுத்தனான். எந்த வெள்ளியைப் பாத்தாரோ, ஆருக்குத் தெரியும்?" சனம் சிரிக்கும். ரொபின்சன் அத்தாட்சிக்கு எடுத்து நீட்டும் படத்தில் கறுப்புக்குள் சுருட்டுப் புகை மாதிரி ஏதோ தெரியும். சனம் இன்னும் சிரிக்கும்.

இப்போது ஊர் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடும் கட்டி முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் வந்து வீடு மந்திரிப்பார். இனசனம் எல்லாம் வரும், மேரி ரோஸும் தொடங்குவாள். ரொபின்சனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பழைய இடத்திலெல்லாம் பொய்காரனாக இருந்தாயிற்று, புது வீட்டிலாவது மனிசி தன்னை நம்ப வேண்டும். அதற்கு முன்விறாந்தைச் சுவரில் அந்த வால்வெள்ளி பளிச்சென்று தொங்க வேண்டும்.

வழியைக் காட்டியது சனூன் நானா. மன்னார் ரவுணில் அடையாள அட்டைப் படம் எடுக்கும் கடை அவருடையது. ரொபின்சன் வேலை செய்வதும் அங்கேதான். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து கடை போட்டவருக்கு, ஊர் திரும்பிய சனத்தின் முகமெல்லாம் நல்ல வியாபாரம்.

"வெளிநாட்டில வானத்தைப் படம் எடுக்கிற ஆக்கள் பாவிக்கிற ஒரு மென்பொருள் இரிக்கு, சும்மாவே இறக்கலாம்" என்றார் சனூன். "ஒரே காட்சியில நாலஞ்சு படம் எடுத்திருந்தீங்க எண்டா, எல்லாத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கும். உள்ளது தடிச்சு வரும், இல்லாதது கலைஞ்சு போகும். பழைய படத்தையும் புதுசாத் துலக்கலாம்."

முகப்பவுடர்த் தகரப் பேணிக்குள் பத்திரமாகக் கிடந்த நெகட்டிவ்களை ரொபின்சன் கடையிலேயே ஸ்கான் பண்ணிக்கொண்டு வந்தார். மேரி ரோஸ் கெழுத்தி என்று சொன்னது அடுக்குவதற்கு முந்திய படம். அவள் அடுப்படிக்குப் போனதும் ரொபின்சன் எல்லாப் படங்களையும் அடுக்கவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினார்.

திரையில் வந்ததை அவர் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். முத்து மாதிரி ஒரு தலை. அதிலிருந்து வெள்ளையாக ஒரு வால், பக்கத்தில் நீலமாய் மெல்லிசாக இன்னொரு வால். அன்றைக்குக் கண்ணால் கண்டது அப்படியே திரையில் நின்றது.

"மேரி, ஓடி வா. இஞ்சை வந்து பார்."

தேங்காய்த் துருவல் கையோடு வந்தவள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவாத்தான் கிடக்கு" என்றாள்.

இத்தனை வருசத்தில் அவள் வாயால் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல சொல் அது. ரொபின்சன் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அது சரி, கீழை கரையிலை நிக்கிறது ஆர்?"

ரொபின்சன் கீழே பார்த்தார். வால்வெள்ளிக்கு நேர் கீழே, தண்ணீர் ஓரமாய், கறுப்பாக ஒன்று நின்றது. அன்றைக்கு வானத்தைப் பார்த்த மனிசன் மண்ணைப் பார்க்கவில்லை.

"பனையாக்கும்."

"பனைக்குப் பின்னல் இருக்குமோ?"

இருந்தது. இடுப்பு வரைக்கும் ஒற்றைப் பின்னல்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது இதுதான். வால்வெள்ளி பொய்யில்லை என்று நிரூபித்த படமே, அங்கே ஒரு பெண்ணும் நின்றாள் என்று சாட்சி சொன்னது.

"கிறேஸ்" என்றாள் மேரி ரோஸ்.

"எந்தக் கிறேஸ்?"

"ஓ, மறந்து போச்சோ? எனக்கு முதல் உங்களுக்குப் பேசின பெட்டை. அவளுக்குத்தான் உந்தப் பின்னல்."

"கர்த்தர் அறிய எனக்குத் தெரியாது மேரி. கிறேஸ் இப்ப கனடாவிலை."

"அண்டைக்கு மண்டபத்திலை."

மத்தியானம் சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. ரொபின்சன் தனியே இருந்து சாப்பிட்டுவிட்டு, அந்த உருவத்தை அழிப்பதென்று முடிவு கட்டினார். அழுக்கு நீக்கும் கட்டளையைக் கொடுத்தார். மென்பொருள் யோசித்து யோசித்து நீல வாலை அழுக்கென்று துடைத்துவிட்டது. பெண் முன்னையிலும் துப்பரவாக நின்றாள்.

கீழ்ப்பாதியை வெட்டிப் பார்த்தார். வால்வெள்ளி அன்றைக்கு அடிவானத்துக்குக் கிட்டத் தாழ நின்றதால் முழுதாய் வெட்ட இடமில்லை. பெண்ணின் உடம்பு போய்த் தலை மட்டும் படத்தின் அடியில் மிஞ்சியது. கடலில் ஒருத்தி தாழுகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேரி ரோஸ் பின்னால் வந்து நின்றாள். "பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறியளோ? தலையையும் வெட்டுங்கோவன்."

ரொபின்சனுக்கு ரோசம் வந்துவிட்டது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? மறைக்கப் போனதுதான் பிழை, நல்லாய் வெளிச்சமாக்கி, அது கிறேஸ் இல்லை என்று காட்டிவிட்டால் சரி. படத்தைத் தூக்கி, கடையில் அடையாள அட்டைப் படங்களுக்குப் பாவிக்கிற மென்பொருளில் போட்டார். அதற்கு ஒரே வேலைதான் தெரியும். எங்கே முகம் இருந்தாலும் தேடிப் பிடித்து, சதுரம் போட்டு, வெளுப்பாக்கிவிடும். வால்வெள்ளியை அது திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கரைக்குப் போய் அந்தப் பெண்ணைச் சுற்றிச் சதுரம் போட்டது.

பக்கவாட்டில் ஒரு இளம் முகம் அரைகுறையாகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தபடி வாயைக் கொஞ்சம் திறந்திருந்தாள். ஒரு கையில் கழற்றின செருப்பு. எல்லாப் படத்திலும் ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றிருக்கிறாள், அதுதான் அவ்வளவு தடிப்பாக விழுந்திருக்கிறாள்.

"இப்ப பார், கிறேஸின்ரை மூக்கோ இது?"

மேரி ரோஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சீலையில் துடைத்து மறுபடி பார்த்தாள். அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரி, கிறேஸ்தான் போலிருக்கிறது என்று ரொபின்சன் நினைத்துக்கொண்டார்.

பின்னேரம் தேத்தண்ணியோடு பொரித்த பாரைத் துண்டும் வந்தது. மேரி ரோஸ் அவர் பக்கத்தில் இருந்து, முள் எடுத்தும் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, விடுங்கோ. பழங்கதை. மனிசர் எண்டால் எல்லாம்தான்" என்றாள். "உந்தப் படத்தையும் அழிச்சுப்போடுங்கோ. சுவரிலை திருக்குடும்பப் படத்தைக் கொழுவுவம்."

"வால்வெள்ளிக் கதை?"

"இனி அதை ஒருத்தருக்கும் நான் சொல்லமாட்டன்."

ரொபின்சன் மீன் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தார். மேரி ரோஸின் ஏச்சு அவருக்குப் பழக்கம், அதைக் கேட்டபடி நித்திரையும் கொள்வார். இது மன்னிப்பு. மன்னிக்கிறாள் என்றால் குற்றத்தை நம்பிவிட்டாள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு மிச்சக் காலம் முழுக்க இவளுடைய பரிதாபப் பார்வையில் எப்படிச் சீவிக்கிறது? அதைவிட அவள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம்.

"அழிக்கமாட்டன்" என்றார். "அது ஆரெண்டு கண்டுபிடிப்பன்."

"சொன்னால் கேளுங்கோவன். எனக்கு உங்களிலை ஒரு கோவமும் இல்லை."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் கைத்தொலைபேசியை எடுத்து முருங்கனில் இருக்கும் செலீனாவைக் கூப்பிட்டார். மேரி ரோஸின் சொந்தத் தமக்கை. முகாமில் தண்ணீர்க் குழாயடிக்குப் பொறுப்பாக இருந்தவள், அதனால் அங்கே எந்தப் பின்னல் எந்தக் குடிசைக்குப் போனது என்பதெல்லாம் அத்துப்படி.

"அக்காவை ஏன் இழுக்கிறியள்? அவவுக்குக் கண்ணும் தெரியாது" என்றாள் மேரி ரோஸ்.

"போன மாசம்தானே கண் ஒப்பரேசன் செய்தவ. இப்ப எறும்பின்ரை கண்ணிமையும் தெரியுதாம்."

"வெயிலுக்குள்ளை பஸ் ஏறி அவ வரமாட்டா."

செலீனா வெயிலுக்குள் பஸ் ஏறி, ஒரு பை முருங்கைக்காயோடு சனிக்கிழமையே வந்து இறங்கினாள். வாசலிலேயே மேரி ரோஸ் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்தாள். "அக்கா, முதல் உள்ளை வா, ஒரு கதை இருக்கு." ரொபின்சன் விடவில்லை. பையை வாங்கி வைத்து, கதிரை போட்டு இருத்தி, பெரிதாக அச்சடித்து வைத்திருந்த படத்தை அவளுடைய மடியில் வைத்தார்.

"மச்சாள், எனக்கு ஒரு உதவி செய்ய வேணும்" என்றார். "நான் அண்டைக்கு ஒருத்தியையும் பாக்கப் போகேல்லை. வால்வெள்ளியைத்தான் பாத்தனான். கீழை ஒரு பெட்டை நிண்டது சத்தியமா எனக்குத் தெரியாது. இவள் என்னை நம்பாமலே மன்னிச்சிட்டாள், எனக்குச் சாப்பாடும் இறங்குதில்லை. உது ஆரெண்டு சொல்லுங்கோ. ஆராயிருந்தாலும் பறவாயில்லை, நாளைக்கு உங்கடை தங்கச்சி என்னை நம்பின முகத்தோடை இந்த வீட்டுக்குள்ளை நிக்க வேணும்."

மேரி ரோஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தாள்.

செலீனா படத்தைக் கிட்டப் பிடித்தாள், எட்டப் பிடித்தாள், தங்கச்சியை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"உதுக்கோ தம்பி என்னை முருங்கனிலை இருந்து கூப்பிட்டனீங்கள்?" என்றாள். "உது உங்கடை மனிசியெல்லோ, 'ஒருக்கா வால்வெள்ளியைப் பாத்திட்டு ஓடி வாறன், அவர் வந்தால் சமாளி' எண்டு என்னை விட்டிட்டுப் போனவள், நீங்கள் வாறதுக்குக் கொஞ்சம் முன்னந்தான் இரைக்க இரைக்க ஓடி வந்து என்னைக் குடிசைக்கு அனுப்பினவள், அண்டைக்குச் சுவாமியாரின்ரை வாசல்லை கால் கடுக்க நிண்டது நான்."